பாதியில் நின்ற நாவலும் ஒரு கார்க்போர்டும்

வேதாரண்யத்து உப்பளக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. உப்புச் சத்தியாகிரகம் நடந்த 1930, பெரும்புயல் அடித்த 1977, கஜா புயல் வந்த 2018 என்று மூன்று காலம். நாற்பதாயிரம் சொற்கள் எழுதியபின் நின்றுவிட்டது. இரண்டு வருடம் கோப்பைத் திறப்பேன், முதல் அத்தியாயத்தில் நாலு வரியைத் திருத்துவேன், மூடிவிடுவேன். ஒரே நீளமாகக் கிடந்த அந்தக் கோப்பில் கதை எங்கே அறுந்தது என்றுகூடத் தெரியவில்லை. அப்போதுதான் நண்பர் ஒருவர் ஸ்க்ரிவ்னர் என்ற எழுத்து மென்பொருளைச் சொன்னார்.

இதை உருவாக்கிய கீத் பிளவுண்ட், தானே நாவல் எழுத ஆசைப்பட்டு, அதற்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். 2007இல் மேக் கணினிக்கு வந்தது. நான் பயன்படுத்துவது விண்டோஸுக்கு 2021இல் வந்த மூன்றாம் பதிப்பு. இலவச முன்னோட்டம் 30 நாள்; திறக்கும் நாள் மட்டுமே கணக்கு. வாரம் இரண்டு நாள் திறந்தால் பதினைந்து வாரம் ஓடும். எழுதும் பழக்கமே விட்டுப்போனவனுக்கு இது பெரிய ஆறுதல்.

முதல் இரண்டு நாள் கோப்பை வெட்டுவதிலேயே போயிற்று. காட்சிக்கு ஒரு துண்டு. இடப்பக்கப் பட்டியலில் அறுபத்திரண்டு துண்டுகள் வந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் காட்சியை இரண்டு வரியில் எழுதி வைக்கலாம். கார்க்போர்டு என்னும் திரையில் எல்லா அட்டைகளும் பரப்பிக் கிடக்கும். ஓர் அட்டையை இழுத்து இடம் மாற்றினால் நாவலுக்குள்ளும் அந்தக் காட்சி இடம் மாறிவிடும்.

என் நாவலை எழுப்பியது லேபிள் வசதி. மூன்று காலத்துக்கும் மூன்று நிறம் கொடுத்து, லேபிள் வாரியாக அடுக்கச் சொன்னேன். மூன்று கோடுகளில் அட்டைகள் வரிசை கட்டின. 1930இல் இருபத்தைந்து, 2018இல் முப்பத்து மூன்று, 1977இல் வெறும் நான்கு. அந்த நான்கிலும் ஆண்கள்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த உப்பளத்தில் வாழ்நாளெல்லாம் உப்புச் சுமந்த பாட்டிக்கு ஒரு காட்சிகூட இல்லை. கற்பனை வற்றிவிட்டது என்றே இரண்டு வருடம் நம்பியிருந்தேன். கதையின் நடுவயதை எழுதாமலே முடிவை எட்டப் பார்த்திருக்கிறேன் என்பது அந்தத் திரையில்தான் தெரிந்தது.

கதாபாத்திரக் குறிப்புக்கென்று தயார்ப் படிவங்களும் உண்டு. தோற்றம், தொழில், பழக்கம் என்று நிரப்பிக்கொண்டே போகலாம். எனக்கு அவை உதவவில்லை. பாட்டியைப் படிவத்தில் அடைத்ததும் அவள் குரல் போய்விட்டது. அழித்துவிட்டு வெற்றுப் பக்கத்தில் அவள் பேசுவதை எழுதினேன்.

ஸ்னாப்ஷாட்டைக் கட்டாயம் பழகுங்கள். திருத்துவதற்கு முன் ஒரு பிரதி எடுத்துவைத்தால் பழைய வடிவம் தேதியோடு பத்திரமாக இருக்கும். அந்தத் தைரியத்தில் ஆசை ஆசையாக எழுதிய எட்டுப் பக்க வர்ணனையை ஒரே மூச்சில் வெட்டினேன்.

தமிழில் தட்டச்சு செய்யத் தடையில்லை. ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகத் தொகுக்கும் 'கம்பைல்' பகுதி சிக்கலானது. அங்கே தமிழ் எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது. கம்பைலைப் புரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆகும். பெரிய குறை, ஆண்ட்ராய்டு செயலி கிடையாது. ஐபோன், ஐபேடுக்கு மட்டும்தான். பேருந்தில் போகும்போது கைப்பேசியில் எழுதும் நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோருக்கு இது இழப்புதான். மாதச் சந்தா இல்லை, ஒரே தடவை பணம். ஆனால் மேக்குக்கும் விண்டோஸுக்கும் தனித்தனியாக வாங்கவேண்டும்.

கார்க்போர்டில் அந்த இடைவெளியைக் கண்ட அன்றிரவே 1977 கோட்டில் ஐந்தாவது அட்டையைச் செருகினேன். நவம்பர் மாதம், உப்பு அம்பாரங்களைக் கீற்றுப் போட்டு மூடியாயிற்று. கடல் இரையும் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது என்று பாட்டி சொல்கிறாள்; வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. விடியும்வரை எழுதினேன். இப்போது அந்தக் கோட்டில் பதினேழு அட்டைகள். முன்னோட்டத்தில் ஒன்பது நாள் பாக்கி இருக்கும்போதே பணம் கட்டிவிட்டேன்.