தனிக்கு எழுந்து போகாதீர்கள்

சென்னையில் மார்கழிக் கச்சேரி கேட்பவர்களிடையே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு. பிரதான உருப்படியில் நிரவலும் கல்பனா ஸ்வரமும் முடிந்து, பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தால் போதும், அரங்கில் நாற்காலிகள் மடங்கும் சத்தம் வரிசையாகக் கேட்கும். காபிக்கும் ரவா தோசைக்கும் அதுதான் முகூர்த்தம். கேட்டால், “அது ஒரே கணக்கு சார், நமக்குப் புரியாது” என்பார்கள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், கணக்குத் தெரிந்தவர்களுக்காக ஒதுக்கப்பட்ட நேரம் என்ற இந்த எண்ணம் ரசிகரைத்தான் ஏமாற்றுகிறது. கேட்பவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தாளத்தில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற உணர்வு. மிச்சத்தை வாசிப்பவர் பார்த்துக்கொள்வார்.

அந்த இடத்தைப் பிடிக்க மேடையிலேயே உதவி இருக்கிறது. தனி தொடங்கிவிட்டால் பாடகருக்குத் தாளம் போடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. அவருடைய கையைப் பாருங்கள். ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு அட்சரம், ஓர் ஆவர்த்தனம். நீங்களும் கூடவே போடுங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் முறைக்க மாட்டார், அவரும் போட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனால் புதியவருக்கு ஆதி தாளம்தான் சுலபம் என்று பலரும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உருப்படி இரண்டு களையில் அமைந்துவிட்டால் ஒவ்வொரு தட்டும் விரலும் இரண்டிரண்டாக விழும், சுற்று நீண்டுவிடும், பழகாத கை பாதி வழியில் தொலைந்துபோகும். ரூபகமோ, ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாப்போ, ஐந்து உள்ள கண்ட சாப்போ வாய்த்தால் நல்லது. சுற்று சின்னது, ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததில் சேர்ந்துகொள்ளலாம். மிஸ்ர சாப்புக்கு ‘தகிட தகதிமி’ என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாலே போதும்.

கை நிலைத்துவிட்டால் வாசிப்பவரின் விளையாட்டு தெரிய ஆரம்பிக்கும். ஒரு களை ஆதியில், சதுஸ்ர நடையில், அட்சரத்துக்கு நான்கு வீதம் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ‘ததிகிணதொம்’ என்ற சொல் ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை வைத்து, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் மொத்தம் 19. முடிந்த கையோடு சமம், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டு, விழ வேண்டுமென்றால் 13 மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும். அதாவது நடுவிரல் விழுந்து கால் அட்சரம் ஆனபிறகு. இனி காதில் நடப்பதைக் கவனியுங்கள். தாளம் நான்கு நான்காக நடக்கிறது, சொல் ஐந்தைந்தாகக் குறுக்கே வெட்டுகிறது. முதல் ‘தொம்’ ஐந்தாவது அட்சரத்தின் தட்டைத் தாண்டிச் சற்றுத் தள்ளி விழும். இரண்டாவது ‘தொம்’ ஏழாவது அட்சரத்தின் தட்டிலேயே விழுந்து, முடிந்துவிட்டது போல ஏமாற்றும். மூன்றாவதுதான் உண்மையான முடிவு. அதற்கு அடுத்த மாத்திரை சமம். தனியை முடித்துவைக்கும் பெரிய கோர்வைகளில் இதே வித்தை பல ஆவர்த்தனங்களுக்கு நீளும், மூன்று முறை வாசிக்கப்படும். போய்ச் சேரும் இடமும் எப்போதும் சமமாக இருக்காது. தியாகராஜர் கீர்த்தனைகள் பலவற்றில் எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளி இருக்கும். கோர்வை அங்கே போய்த்தான் பாட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.

இதுவும் கணக்குதானே என்று கேட்கலாம். வாசிப்பவருக்குக் கணக்குதான், சந்தேகமில்லை. வெண்பா எழுதுகிறவருக்கும் அப்படித்தான்: தளை தட்டக் கூடாது, ஈற்றடி மூன்று சீரில் முடிய வேண்டும். படிப்பவர் அசை பிரித்துக்கொண்டா படிக்கிறார்? ஆனாலும் ஈற்றடி குறுகி நிற்பது அவர் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. 13ஐயும் 19ஐயும் கூட்டிப் பார்ப்பது வித்வானின் வீட்டு வேலை. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தடுமாற்றமும், அது தீரும் சுகமும் தாமாக வந்து சேரும்.

இன்னொரு புகாரை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. தனி என்றால் இப்போது வேகம்தான், ஒரே தடதடப்பு என்கிறார்கள். சில மேடைகளில் அது உண்மை. அதற்காக எழுந்து போனால் நல்ல வாசிப்பும் சேர்ந்து தவறிப்போகும். நல்லதையும் அல்லாததையும் பிரிக்கத் தெரிந்துகொள்வது மேல். அதற்கு அளவுகோல் நாதம். மிருதங்கம் பாடகரின் ஸ்ருதிக்குச் சேர்க்கப்படும் வாத்தியம். கச்சேரிக்கு நடுவிலும் கல்லால் ஓரத்தைத் தட்டிச் சேர்த்துக்கொள்வதைப் பார்க்கலாம். சாதாரணத் தோல் கருவியில் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறும். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் நடுவில் கறுப்பாக அப்பியிருக்கும் ‘சாதம்’ அவற்றை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்பதை சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். தம்புராவோடு இந்த வாத்தியம் இழைவது அதனால்தான். ஆகவே, வலந்தலையில் ‘சாப்பு’ என்ற அடி விழும்போது ஸ்ருதி கேட்கிறதா, வேகம் ஏறினாலும் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தெளிவாக விழுகின்றனவா என்று கவனியுங்கள். இடது பக்கத்தில் ரவைப் பசை ஒட்டிய தொப்பி பேசுகிறதா என்பது அதைவிட முக்கியம். கையை அழுத்தி எழுப்பும் கும்கி எவ்வளவு பேசும் என்பதற்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பழைய ஒலிப்பதிவுகள் சாட்சி. 1966இல் மிருதங்க வித்வான்களில் முதல்வராக சங்கீத கலாநிதி பெற்ற பாலக்காடு மணி ஐயரின் பதிவுகளில், அவர் வாசிக்காமல் விட்ட இடங்களைக் கேளுங்கள். (இந்த நாதத்துக்குத் தோல் தேர்ந்து மூட்டு கட்டுபவர்களின் பெயரை மேடையில் யாரும் சொல்வதில்லை. டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூல் அவர்களைப் பற்றியது.)

கடமோ கஞ்சிராவோ கூட இருந்தால் புதியவருக்கு மிகவும் பிடிக்கப்போவது குறைப்பு. ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம், பிறகு ஒன்று, அப்புறம் பாதி, கால் என்று பேச்சு சுருங்கிக்கொண்டே வரும். மிருதங்கம் சொன்னதைக் கடம் அப்படியே திருப்பிச் சொல்கிறதா, அல்லது தன் மண்ணுக்கு ஏற்றபடி மாற்றிப் பதில் சொல்கிறதா என்று கவனித்தால் இருவருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது புரிந்துவிடும். சுருங்கியது போதும் என்றானதும் இருவரும் சேர்ந்துகொள்வார்கள், முடிவை அறிவிக்கும் மோரா வரும், அடுத்தது கோர்வை. இங்கே ஒரு வேண்டுகோள். கோர்வை மூன்றாவது முறை ஓடும்போதே கைதட்டல் கிளம்பிவிடுவது நம் சபாக்களின் வழக்கம். அவ்வளவு நேரம் அவர்கள் குறிவைத்த இடம், பாடகர் பாட்டின் வரியை மீண்டும் எடுக்கும் இடம், அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகிறது. வரியின் முதல் சொல் காதில் விழுந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் தட்டுங்கள்.