எண்மிய மேடைப் பியானோ: ஒப்பீட்டு அட்டவணை சொல்லாதவை

எண்மிய மேடைப் பியானோ என்பது 88 கட்டைகளையும் சுத்தியல் போன்ற அழுத்த உணர்வையும் மின்னணு ஒலியோடு இணைத்த, தூக்கிச் செல்லக்கூடிய இசைக்கருவி ஆகும். கண்டிப்பான பொருளில் இதில் ஒலிபெருக்கி இருக்காது. 2019இல் வந்த யமஹா சிபி88 அத்தகையது. அதன் எடை 18.6 கிலோ. ஆனால் ஒலிபெருக்கி உள்ள எடை குறைந்த பியானோக்களும் இதே பெயரில் விற்கப்படுகின்றன. கடலூர், சிதம்பரம் பகுதிகளில் பலர் வாங்க நினைப்பவை இவையே. விற்பனை அட்டவணைகள் இவற்றை ஒப்பிடும் முறை நம் ஊர்த் தேவைக்குப் பொருந்துகிறதா என்பதே இங்கு கேள்வி.

எண்களின் பொருள்

அட்டவணைகள் இரண்டு எண்களை முன்னிறுத்துகின்றன. ஒன்று, ஒலிவகைகளின் எண்ணிக்கை. மற்றொன்று பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை. யமஹா பி-145இல் இது 64, கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100இல் 192, ரோலண்ட் எஃப்பி-30எக்ஸில் 256. நீட்டிப்பு மிதியை அழுத்தியபடி வேகமாக வாசிக்கும்போது பழைய சுரங்கள் அறுபடாமலிருக்க இந்த எண் உதவுகிறது. தொடக்க நிலை மாணவருக்கு 64 போதும். அதற்கு மேல் தரும் பணம் சில ஆண்டுகளுக்குப் பயன்படாமலே கிடக்கும்.

வீட்டில் பயில்பவருக்கு

முதலில் பார்க்க வேண்டியது கட்டையின் அழுத்தம். எஃப்பி-30எக்ஸில் கட்டையை மெதுவாக அழுத்தினால், பெரிய பியானோவில் சுத்தியல் விடுபடும்போது தோன்றும் மெல்லிய தடையை உணரலாம். பிஎக்ஸ்-எஸ்1100இன் உடல் 23 செ.மீ. அகலமே கொண்டது. மேசையில் எளிதாக அடங்கும். ஆனால் கட்டையின் உள்பகுதியை அழுத்தக் கூடுதல் விசை வேண்டும். கடையில் கருவியை அணைத்துவிட்டுக் கட்டைகளை அழுத்திப் பாருங்கள். ஒலியின் கவர்ச்சி இல்லாதபோது விரல் உண்மையைச் சொல்லும்.

டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் பியானோவும் எலக்ட்ரானிக் கீபோர்டும் தனித்தனிப் பாடங்கள். எந்தத் தேர்வு என்று முடிவு செய்யாமல் கருவி வாங்கக் கூடாது.

மேடையில் வாசிப்பவருக்கு

மெல்லிசைக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ வாசிப்பவருக்குத் தேவைகள் வேறு. எஃப்பி-30எக்ஸிலும் பிஎக்ஸ்-எஸ்1100இலும் ஒலிக்கலவைக் கருவியோடு இணைக்கத் தனி வெளியீடு உண்டு. பி-145இல் இல்லை, ஹெட்போன் துளையைத்தான் பயன்படுத்த வேண்டும். எடை பி-145க்கும் பிஎக்ஸ்-எஸ்1100க்கும் 11 கிலோ அளவில் இருக்க, எஃப்பி-30எக்ஸ் 15 கிலோவை நெருங்குகிறது. மூன்றுமே ஏறத்தாழ 130 செ.மீ. நீளம். உறையோடும் தாங்கியோடும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் கொண்டு போவோருக்கு இந்த வேறுபாடு பெரிது. மின்சாரம் நம்ப முடியாத பந்தல்களில், ஆறு ஏஏ மின்கலங்களில் இயங்கும் பிஎக்ஸ்-எஸ்1100 கைகொடுக்கும். மற்ற இரண்டும் மின்கலத்தில் இயங்கா.

பாடகருக்குத் துணையாக வாசிப்பவருக்கு டிரான்ஸ்போஸ் வசதி முக்கியம். நான்கரைக் கட்டையில் பாடுபவருக்காக விரல் பழக்கத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இது மூன்றிலும் உண்டு.

கமகம் என்னும் சோதனை

சிதம்பரத்தில் 1929 முதல் இசைக்கல்லூரி இயங்கிவருகிறது. தமிழிசை இயக்கம் வளர்ந்த ஊரும் அதுவே. இங்கு ஒரு கட்டைக்கருவியை மேற்கத்திய அளவுகோலால் மட்டும் எடைபோட முடியாது. அசைவுகளைக் காட்ட இயலாது என்பது ஆர்மோனியத்தின் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலி அதை 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்திருந்தது. பியானோவுக்கும் அதே குறை உண்டு. தோடியின் காந்தாரம் ஒரு கட்டையில் அடங்குவதில்லை.

பிட்ச் பெண்ட் எனப்படும் சுருதி வளைவுச் சக்கரம் இக்குறையை ஓரளவு தீர்க்கிறது. கே. சத்தியநாராயணன் போன்றோர் கீபோர்டில் கருநாடக இசைக் கச்சேரி செய்வதற்கு இது துணை. மேலே கண்ட மூன்று கருவிகளிலும் இச்சக்கரம் இல்லை. கேசியோ பிஎக்ஸ்-எஸ்3100இல் உண்டு. அதன் 700 ஒலிவகைகளைப் பெரிதாகச் சொல்லும் அட்டவணைகள், சக்கரத்தைக் கடைசி வரியில் வைக்கின்றன. ரோலண்ட் ஆர்டி-88இல் இதற்கு நெம்புகோல் இருக்கிறது, எடை 13.5 கிலோ.

எனினும் இரண்டு வரம்புகள் உண்டு. சக்கரத்தைத் திருப்பினால் அதே ஒலியில் பிடித்திருக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே நகரும். எனவே ஆதார சட்ஜத்துக்குத் தனிச் சுருதிப்பெட்டி வேண்டும். பியானோ ஒலி எழுந்ததும் தேயத் தொடங்குவதால், நீண்ட கமகத்துக்குக் குழல், வயலின் போன்ற நிலைத்த ஒலிவகையே பொருந்தும்.

மதிப்பீடு

மேற்கத்திய பியானோ பயில்பவருக்கு, வீட்டிலேயே வைத்திருப்பதானால், எஃப்பி-30எக்ஸ் ஏற்றது. அடிக்கடி இடம் மாறுபவருக்கு பிஎக்ஸ்-எஸ்1100 நல்லது. ராகம் வாசிக்க விரும்புபவர் சக்கரமோ நெம்புகோலோ இல்லாத கருவியை, அது எவ்வளவு உயர்ந்ததாயினும், வாங்கக் கூடாது. குடும்பச் சேமிப்பில் ஒரு முறை வாங்கும் பொருள் இது. என்ன வாசிக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே அட்டவணையைத் திறக்க வேண்டும்.