ஜோடி சேராத குளம்புகள்

ஒரு குதிரையின் முன்னால் நின்று அதன் இரண்டு முன்னங்குளம்புகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று மற்றொன்றைப் போல அச்சாக இருப்பது அரிது. ஒன்று சற்று ஒடுங்கி, செங்குத்தாக, குதி உயர்ந்து நிற்கும். மற்றது படர்ந்து, நுனி நீண்டு, குதி தாழ்ந்து கிடக்கும். வித்தியாசம் கண்ணுக்குச் சட்டென்று தெரிகிற அளவுக்கு இருந்தால், அந்தக் குதிரைக்கு லாடம் அடிப்பது கைத்தொழில் என்ற நிலையைத் தாண்டிவிடுகிறது. கையில் அரம் இருக்கிறதே என்று உயர்ந்த குதியைச் சீவித் தாழ்ந்ததற்குச் சமமாக்கிவிடுவது ஒரு வழி. அந்தந்தக் காலின் எலும்புகள் எப்படி அடுக்கி நிற்கின்றன என்று பார்த்து, ஒவ்வொரு குளம்பையும் அதன் காலுக்கே பொருத்துவது இன்னொரு வழி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடந்த 250 ஆண்டுகளில் எழுந்த லாடப் பள்ளிகள் எல்லாம் சுற்றிச்சுற்றி இந்த இரண்டு வழிகளுக்கு நடுவேதான் வழக்காடியிருக்கின்றன. இரண்டாவது வழியே சரி என்பது என் உறுதியான நம்பிக்கை.

காரணத்தைக் குளம்புக்குள்ளே தேட வேண்டும். குளம்புச் சுவருக்குள் ஒரு சிறு குளம்பெலும்பு இருக்கிறது. காலின் பின்புறமாக இறங்கிவரும் ஆழ்மடக்குத் தசைநாண் அதன் அடிப்பகுதியைப் பற்றிப் பின்னோக்கி இழுக்கிறது. இந்தத் தசையும் நாணும் நீளம் குறைந்து இறுகியிருந்தால் எலும்பின் நுனி கீழ்நோக்கிச் சாயும். குதியில் பாரம் குறையும். பாரமில்லாத குதி தேயாமல் வளரும். குளம்பின் முன்சுவர் நடுவில் குழியும். குட்டி பிறக்கும்போதே இப்படி இருக்கலாம். ஒரு காலில் வலி கண்டு, மாதக்கணக்கில் அந்தக் காலை ஊன்றாமல் காத்துவந்த குதிரைக்கும் இது வரும்.

மேயும் பழக்கமும் ஒரு காரணம் என்று நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் காட்டியது. ஆய்வு செய்தது, சவாரிக்கென்று பல தலைமுறைகளாக நீண்ட கால்களுக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த குதிரை இனத்தை. காலோ நீளம், தலையோ சிறிது. வாய் புல்லை எட்ட வேண்டுமானால் குட்டி ஒரு காலை முன்னே நீட்டி, மறுகாலைப் பின்னே வாங்கித்தான் நிற்க வேண்டும். ஆய்வுக்கு எடுத்த குட்டிகளில் ஏறக்குறைய பாதி எப்போதும் ஒரே காலையே நீட்டின. அந்தக் குட்டிகளுக்கே குளம்புகள் ஜோடி மாறின. அதே நாட்டில் 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒவ்வாத குளம்புகளுள்ள குதிரைகள் தடைதாண்டும் போட்டிகளின் உயர்மட்டத்தில் குறைந்த காலமே நிலைக்கின்றன என்று சொன்னது. அழகுக் குறை என்று தள்ளிவிடக் கூடிய விஷயமல்ல இது.

குளம்பைப் பற்றிய கவலை மிகப் பழையது. கிரேக்கத்தில் ஸெனஃபன் குதிரைப் பராமரிப்பு பற்றி எழுதியபோது, உருண்டைக் கற்கள் பரப்பிய தரையில் குதிரையை நிறுத்தினால் குளம்பு உரமேறும் என்றார். நம் மண்ணைப் பற்றி ஒரு வருத்தமான செய்தியை மார்க்கோ போலோ விட்டுச்சென்றிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் கரையை அவர் கண்டபோது, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து கப்பலில் வந்து இறங்கினவாம். பேணத் தெரியாததால் அவற்றில் பெரும்பகுதி ஆண்டு முடிவதற்குள் மடிந்தனவாம். லாடம் அடிப்பவர்களே இங்கே இல்லை, வணிகர்கள் அவர்களை வரவிடுவதும் இல்லை, குதிரை செத்தால்தானே அடுத்த விற்பனை என்கிறார் அவர். வெளியூர்க்காரர் பேச்சில் மிகை இருக்கும்தான். ஆனால் தொழில் தெரிந்த ஒரு கை இல்லாமற்போனால் எவ்வளவு பொன் வீணாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

அறிவு வழியில் லாடம் அடிக்கும் பள்ளி 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் தொடங்குகிறது. அரசரின் லாயத்தில் பணியாற்றிய எத்தியேன் கீயோம் லாஃபோஸ் 1756இல் புதிய முறை ஒன்றை எழுதினார். குளம்பின் அடிப்பாகத்தையும், அதன் நடுவே ஆப்பு வடிவில் மெத்தென்றிருக்கும் பகுதியையும் கத்தியால் குடைந்து மெலிவிப்பது அக்கால வழக்கம். அதைக் கைவிட்டு, பிறைபோல் குட்டையான லாடத்தை நுனிக்கு மட்டும் கட்டி, குதியும் நடு மெத்தையும் தரையைத் தொடட்டும் என்றார் அவர். அடுத்த தலைமுறையில் லண்டனில் பிரேசி கிளார்க், ஒரே குதிரையின் குளம்பை ஆண்டுக்கு ஆண்டு வார்ப்பெடுத்துப் பார்த்து, லாடம் இறுக இறுக அது ஒடுங்கிப்போவதைக் காட்டினார். குளம்பு விரிந்து சுருங்கும் உயிருள்ள உறுப்பு என்று இவர்கள் இருவரும் நிறுவினார்கள்.

ஆனால் ஒவ்வாத குளம்பைப் பற்றி முறையாக யோசித்தது ஜெர்மானியப் பள்ளி. டிரெஸ்டன் கால்நடை மருத்துவக் கல்லூரியின் லாடப் பள்ளியை நடத்திய அன்டன் லுங்விட்ஸ், காலை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கணுக்கால் எலும்புகள் வழியாக ஒரு கோடு மனத்தில் இழுங்கள்; அது குளம்பின் முன்சுவருக்கு இணையாக, ஒடியாமல் இறங்க வேண்டும். கோடு முன்னோக்கி ஒடிந்தால் குதி உயரம். பின்னோக்கி ஒடிந்தால் நுனி நீளம். நேராக நிற்கும் காலுக்கு ஒரு குளம்பு, அகன்று நிற்கும் காலுக்கு ஒரு குளம்பு, நெருங்கி நிற்கும் காலுக்கு ஒரு குளம்பு. இதில் எங்கேயும் பக்கத்துக் காலைப் பார்த்து வெட்டு என்ற பேச்சு கிடையாது. இந்த மரபின் பெரும் கொடை அதுதான் என்பேன்.

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா பல குரலில் பேசியது. மூலைமட்டத்தைக் காலெலும்பின் அச்சோடு வைத்து, அடிப்பாகம் அதற்குச் செங்குத்தாக வரும்வரை அரம் போடுவோர் ஒரு சாரார். இங்கிலாந்திலிருந்து சென்ற டேவ் டக்கெட், நடு மெத்தையின் நுனிக்குச் சற்றுப் பின்னே ஒரு புள்ளியைக் குறித்து, குளம்பெலும்பின் நடுவை வெளியிலிருந்தே அறியலாம் என்றார். ஜீன் ஒவ்னிசெக் 1980களில் மொன்டானாவின் காட்டுக்குதிரைகளைப் பார்த்து, நுனியைப் பின்வாங்கி வைக்கும் முறையை வகுத்தார். ஜேமி ஜாக்சன் காட்டுக்குதிரையையே முன்மாதிரியாக்கி, லாடமே வேண்டாம் என்ற இயக்கத்துக்கு வித்திட்டார். இந்தக் கடைசிக் கட்சியிடம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் பாலிட்டும் பிரையன் ஹாம்ப்சனும் காட்டுக்குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்தபோது, தரை மாற மாறக் குளம்பும் மாறுவதையும் நோயுற்ற குளம்புகள் காட்டிலும் ஏராளம் என்பதையும் கண்டார்கள். இயற்கை ஒரே அச்சை வார்ப்பதில்லை.

பட்டறைக்கு வருவோம். கென்டக்கியில் கால்நடை மருத்துவராகவும் லாடம் அடிப்பவராகவும் விளங்கிய ரிக் ரெடன், செங்குத்துக் குளம்பை நான்கு படிகளாகப் பிரித்தார். எதிர்க்குளம்பைவிட 3 முதல் 5 பாகை அதிகமிருந்தால் முதல் படி. 5 முதல் 8 வரை இரண்டாவது. முன்சுவர் குழிந்திருந்தால் மூன்றாவது. 80 பாகையை எட்டினால் நான்காவது. இந்த அளவுகோலின் பயன் என்னவென்றால், எந்தக் குளம்பில் அரம் போதும், எதில் போதாது என்பதை மருத்துவரும் லாடக்காரரும் ஒரே மொழியில் பேசலாம்.

உயர்ந்த குதியை ஒரே நாளில் சீவிவிட்டால் என்ன நடக்கிறது? நாண் அதே நீளத்தில்தான் இருக்கிறது. குதி தரையை எட்டாமல் தொங்கும், அல்லது எட்டும்போது நாண் சுண்டி இழுத்து, எலும்பை முன்சுவரிலிருந்து பிரிக்கப் பார்க்கும். கண்ணுக்குக் குளம்புகள் ஜோடியாகிவிட்டன, குதிரையோ நொண்டுகிறது. ஆகவே நல்ல கைகள் முதலில் முன்னே பிதுங்கிய நுனியைத் திருத்தும். குதியைக் கொஞ்சமாக எடுத்து, குதிரையை ஊன்ற வைத்துப் பார்க்கும். குதி தரையில் அமராவிட்டால், எடுத்த உயரத்தை ஆப்புத் தகட்டால் திருப்பிக் கொடுத்து, காலைத் தூக்கி எடுப்பது எளிதாகும்படி நுனி வளைத்த லாடத்தைப் பொருத்தும். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். நுனிச்சுவர் முழுதாகப் புதுப்பிக்கப்பட 9 முதல் 12 மாதம் ஆகும். அவசரப்பட்டு ஆவதொன்றுமில்லை. நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை, சிறிது சிறிதாக.

தாழ்ந்த குளம்பைப் பலரும் நல்ல குளம்பென்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதன்மேல்தான் அதிகக் கவலை. பாரத்தின் பெரும்பங்கைச் சுமப்பது அது. அதன் நுனியைப் பின்னுக்கு வாங்க வேண்டும். லாடத்தின் கைகளைக் குதிக்குப் பின்வரை நீட்டியோ, பின்புறம் மூடிய லாடம் போட்டோ தாங்கல் கொடுக்க வேண்டும். ஆப்பு வைத்துக் கோணத்தை உயர்த்தினால் அன்றைக்கே அழகாகத் தெரியும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால், ஏற்கெனவே நசுங்கிய குதி மேலும் நசுங்கும். சேணம் வைப்பவரும் இதைக் கவனிக்க வேண்டும்: தாழ்ந்த குளம்பின் பக்கத் தோள் பெரும்பாலும் திரண்டிருக்கும், சேணத்தை மறுபக்கம் தள்ளும். முதுகுவலி என்று வரும் புகார்கள் சில குளம்பில் தொடங்கியவை.

குட்டிகளின் கதை வேறு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சீவலும், நுனிக்கு ஒரு கவசமும் பலவற்றைத் திருத்திவிடும். திருந்தாதவற்றுக்கு நாணைப் பிடித்திருக்கும் துணை இணைப்பிழையை அறுவை செய்து விடுவிக்கலாம். அது குட்டிப் பருவத்தில் செய்தால்தான் நல்ல பலன். பக்கவாட்டில் கோணிய கால்களுக்கோ காலம் இன்னும் குறைவு. கணுவுக்கு மேலுள்ள எலும்பின் வளர்ச்சி முதல் சில மாதங்களிலேயே பெரிதும் முடிந்துவிடும். வளர்ந்த குதிரையின் கோணலைச் சீவி நேராக்க முயல்வது மூட்டுகளுக்குச் செய்யும் தீங்கு.

தரம் காப்பதில் இங்கிலாந்து மூத்தது. லண்டன் லாடக்காரர் சங்கம் 1356இல் தொடங்கி, 1674இல் அரச பட்டயம் பெற்றது. 1890 முதல் தேர்வு நடத்திப் பதிவு செய்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெறாதவர் லாடம் அடிப்பதையே குற்றமாக்கியது. ஆனால் அந்தச் சட்டம் லாடத்துக்காகக் குளம்பைத் தயார் செய்வதைத்தான் சொல்கிறது. லாடமில்லாமல் வெறுமனே சீவுவதை அது தொடவில்லை. செங்குத்துக் குளம்பின் கேடு அரத்தில்தான் நிகழ்கிறது என்பதால் இதைப் பெரிய ஓட்டையாகவே கருதுகிறேன். அமெரிக்காவில் பொதுவாக உரிமம் கட்டாயமில்லை. 1971இல் தோன்றிய லாடக்காரர் சங்கத்தின் தேர்வுகள் விரும்பியவர்க்கே. ஜெர்மனியில் தனிச் சட்டமே உண்டு.

நம் நாட்டில் மீரட்டிலுள்ள ராணுவக் கால்நடை மையம் லாடம் அடிப்போரைப் பயிற்றுகிறது. பந்தய லாயங்களிலும் சவாரிப் பள்ளிகளிலும் தந்தையிடம் மகன் கற்ற கைகளே அதிகம். அவற்றில் சில மிக நுட்பமான கைகள். அவர்களுக்கு வேண்டியது எழுதிவைக்கும் வழக்கம். குதிரைக்கு ஓர் அட்டை. அதில் இடது வலது முன்னங்குளம்புகளின் கோணமும் நுனி நீளமும் தனித்தனியே, தேதியுடன். கூடவே, சமதரையில் பக்கவாட்டில் எடுத்த இரண்டு படங்கள். கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கும் நாளில் லாடக்காரரும் அருகே நிற்க வேண்டும். எடுத்த படம் முதலில் அவர் கைக்குப் போக வேண்டும்.