முகம் மறைத்த கேள்வி: பதிவு நேர்காணல் குறித்துச் சில குறிப்புகள்

'நேர்காணல்' என்கிற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 'நேர்' இருக்கிறது, 'காணல்' இருக்கிறது. அரசாங்க மொழியில் வழங்கும் 'நேர்முகத் தேர்வு' இன்னும் வெளிப்படையானது. ஆங்கிலச் சொல்லின் பிரெஞ்சு மூலத்துக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது என்றுதான் பொருள். இன்று நிறுவனங்கள் இதே பெயரில் நடத்துகிற ஒரு வகைத் தேர்வில் இந்தப் பார்த்துக்கொள்ளுதல் இல்லை. கேள்வி திரையில் எழுத்தாக வரும். யோசிக்க அரை நிமிடம் கிடைக்கலாம். பிறகு சிவப்புப் புள்ளி எரியும். திரையில் தெரிகிற தன் முகத்தையே பார்த்தபடி ஒருவர் இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ பேசி முடிக்க வேண்டும். நேரம் தீர்ந்தால் வாக்கியம் பாதியில் அறுந்துபோகும். மறுமுனையில் யாராவது பிறகெப்போதோ பார்க்கலாம், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம், மென்பொருள் மட்டும் பார்க்கலாம், யாருமே பார்க்காமலும் போகலாம். இவற்றில் எது நடந்தது என்பது பேசியவருக்குக் கடைசிவரை தெரியாது.

இது குறித்து இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. ஒன்று நிர்வாகவியலின் பேச்சு: எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், அலைச்சல் இல்லை, பாரபட்சம் இல்லை. மற்றது மனிதநேயப் புலம்பல்: முகம் பார்த்துப் பேசுகிற காலம் போச்சு, எல்லாம் யந்திரமாகிவிட்டது. எனக்கு இரண்டின் மேலும் சந்தேகம். முதலாவதில் யந்திரத்துக்குப் பின்னாலிருக்கும் ஆள் காணாமல் போகிறார். இரண்டாவதில், முகம் பார்த்துப் பேசிய அந்தக் காலத்தில் யார் யாருடைய முகத்தைப் பார்த்து என்ன கேட்டார்கள் என்பது காணாமல் போகிறது.

இந்தச் சந்தேகம் எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. எங்கள் தெருவில் பொறியியல் முடித்து இரண்டு வருடமாக வேலை தேடும் பெண் ஒருத்தி, ஒருநாள் சாயங்காலம் மடிக்கணினியோடு வந்து நின்றாள். "அண்ணே, உங்க புத்தக அலமாரிக்கு முன்னால உக்காந்து ரெகார்ட் பண்ணிக்கிடட்டுமா?" அவள் வீட்டில் ஒரே அறை. அதில் தொலைக்காட்சி, தம்பி, அம்மாவின் தையல் மெஷின். என் அறையில் மின்விசிறிச் சத்தம் பதிவாகிவிடுமென்று அதை நிறுத்தினோம். வியர்க்க வியர்க்கப் பேசினாள். நான் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு ஆரம்பித்து, திக்கி, நின்று, மறுபடி ஆரம்பித்தது. முடித்துவிட்டு வந்து சொன்னாள்: "யாராவது ஒரு 'ம்' சொன்னா போதும்ணே, பேசிருவேன்."

இந்த 'ம்' சாதாரணமானதல்ல. கதை சொல்லுகிற பாட்டிகள் 'உம்' கொட்டச் சொல்லிக் கேட்பதை நாம் அறிவோம். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடாமல் புலவர் அடுத்த அடிக்கு நகர்வதில்லை. கேட்பவர் பேச்சின் மறுமுனையில் கிடக்கும் வெற்றுக் காது அல்ல, பேச்சை உடன் உற்பத்தி செய்பவர். எங்கே புரியவில்லை, எங்கே அலுக்கிறது, எங்கே விரித்துச் சொல்லலாம் என்பதெல்லாம் அவர் முகத்திலிருந்துதான் சொல்பவருக்குத் தெரிகிறது. பதிவு நேர்காணல் இந்த உடன் உற்பத்தியை வெட்டிவிட்டு, மிஞ்சுகிற ஒற்றைக் குரலை எடுத்து வைத்துக்கொண்டு, இதுதான் இவளுடைய 'தொடர்புத் திறன்' என்று மதிப்பெண் போடுகிறது. எதை அகற்றினார்களோ அதையே அளக்கிறார்கள்.

1930களின் நடுவில் வால்டர் பெஞ்சமின், கலைப்படைப்பின் யந்திர மறுஉற்பத்தி பற்றிய தன் கட்டுரையில், மேடை நடிகனையும் திரைப்பட நடிகனையும் பிரித்துப் பார்த்தார். மேடை நடிகன் பார்வையாளரின் முகத்தைக் கண்டு தன்னைத் திருத்திக்கொள்ள முடியும். படக்கருவியின் முன் நிற்பவனுக்கு அது இல்லை. அவன் செய்வது ஒருவகைச் சோதனை. பெஞ்சமின் இந்தச் சோதனையை, வேலைக்குத் தகுதி பார்க்கும் தேர்வுகளோடு சேர்த்தே பேசுகிறார் என்பதை நம் திரைப்பட விமர்சகர்கள் பெரிதாகக் கவனித்ததில்லை. பகலெல்லாம் யந்திரத்தின் முன் தன்னை இழந்தவர்கள் மாலையில் திரையரங்கில், நடிகன் கருவியை வென்று தங்கள் சார்பில் பழிதீர்ப்பதைப் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். இப்போது பார்வையாளர் வரிசையிலிருந்து எழுப்பி அவளையே கருவியின் முன் உட்கார்த்தியாயிற்று. அவள் சார்பில் பழிதீர்க்க யாரும் இல்லை.

ஃபூக்கோவை இழுக்காமல் ஒரு கட்டுரை எழுத முடியாதா என்று நண்பர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். தேர்வு என்னும் சடங்கில் அதிகாரம் தன்னை மறைத்துக்கொண்டு, ஆளப்படுபவரை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்துகிறது என்று 1975இல் அவர் எழுதியது அன்று ஓரளவு உருவகம். இன்று அப்படியே நேர்ப்பொருளில் நடக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தப் பெண் சொன்ன இன்னொன்றை மறைத்தால் நான் யோக்கியன் இல்லை. அதற்கு முன் அவள் சென்னைக்குப் போய் நேரில் இரண்டு நேர்காணல்களில் உட்கார்ந்திருக்கிறாள். இரவு பஸ், காலையில் யாரோ ஒருவர் விடுதி அறையில் குளியல், திரும்ப இரவு பஸ். செலவு ஒருபக்கம் கிடக்கட்டும். ஒரு இடத்தில் பாடம் பற்றி ஒரு கேள்வி. மற்றதெல்லாம் அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம். "அந்தக் கேள்வி மட்டும் இதுல இல்லண்ணே. அதுவே பெரிய நிம்மதி."

'எந்தப் பக்கம்' என்றால் என்ன என்பதைத் தமிழில் வாசிக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் நிறுவனங்களின் ஆளெடுப்பு அதிகாரிகளிடம் பேசி 2007இல் வெளியிட்ட கட்டுரை, 'குடும்பப் பின்னணி' என்ற நாகரிகமான சொல்லுக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காட்டியது. அதிகாரிகள் தகுதி ஒன்றே அளவுகோல் என்றும் சொன்னார்கள், குடும்பத்தைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். முரண்பாடு அவர்களுக்குத் தெரியவே இல்லை. ஆகவே 'முகத்துக்கு முகம்' என்று உருகுகிறவர்கள், அந்த முகம் எவருக்குப் புன்னகைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. அஜய் ஹாசியா வழக்கு, 1980, உச்ச நீதிமன்றம். வேலைக்கான தேர்வு அல்ல, ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடங்களே பேசினார்கள், கேட்டது பெற்றோர் யார், வசிப்பிடம் எது என்பதுதான், பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது மாணவர்களின் புகார். மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்று நீதிமன்றம் சொன்னதைத்தான் சட்டக்காரர்கள் அடிக்கடி எடுத்தாளுகிறார்கள். அதே தீர்ப்பில் நீதிபதி பகவதி இன்னொன்றும் சொன்னார்: நேர்முகங்களை ஒலிநாடாவில் பதிவு செய்வது நல்லது, என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பதற்கு அப்போது சாட்சியம் இருக்கும்.

பதிவு என்ற யோசனை நம்மிடையே கேள்வி கேட்பவரைக் கட்டுப்படுத்துவதற்காகவும் எழுந்திருக்கிறது. தேர்வுக் குழுவின் வாய்க்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதற்காக. நாற்பது ஆண்டுகள் கழித்து நாடா வந்துவிட்டது, ஆனால் ஒரு பக்கம்தான் சுழலுகிறது. பதில் சொல்பவரின் திக்கல், வியர்வை, வீட்டுச் சுவர் எல்லாம் பதிவாகின்றன. மதிப்பிடுபவரின் முகமோ, அவர் உதட்டைப் பிதுக்கியதோ, பத்தாவது விநாடியில் அடுத்த ஆளுக்குத் தாவியதோ விண்ணப்பித்தவருக்குக் கிடைக்கிற எந்த ஆவணத்திலும் இல்லை. கேள்வியில் சாதி இல்லைதான். பார்க்கிற கண்ணில் இல்லை என்று யார் உறுதி தந்தது? முன்பு ஊரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை இப்போது அறையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சரி, கண்ணை நம்பவேண்டாம், மென்பொருளை நம்பலாம் என்பார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2004இல் தொடங்கப்பட்ட ஹயர்வியூ இந்தத் துறையில் முன்னோடி. பேசுபவரின் முகத் தசை அசைவுகளையும் அது கணக்கில் எடுத்து வந்தது. 2019இல் அந்தரங்க உரிமை அமைப்பொன்று அமெரிக்க வணிக ஆணையத்திடம் முறையிட்டது. முகத்தை ஆராய்வதைக் கைவிட்டதாக நிறுவனம் 2021 தொடக்கத்தில் அறிவித்தது. சொற்களை ஆராய்வதே பெருமளவு போதும் என்பது விளக்கம். அதுவரை தசை அசைவால் எவரெவர் தள்ளப்பட்டார்கள் என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை. சொற்கள் மட்டும் பத்திரமா? ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை அமெரிக்காவில் சோதித்து 2020இல் வெளியான ஆய்வில், வெள்ளையர் பேச்சில் சராசரியாக 100 சொல்லுக்கு 19 பிழை, கறுப்பர் பேச்சில் 35. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே இந்தக் கதி என்றால் கோவில்பட்டியில் கற்ற ஆங்கிலம் அங்கே என்னவாக எழுதப்படும்?

எனக்குத் தனிப்பட்ட முறையில் சுவாரசியமானது ஜெர்மனியின் பவேரிய ஒலிபரப்பு நிறுவனம் 2021இல் செய்த சோதனை. மியூனிக் நிறுவனமொன்றின் மென்பொருளிடம் ஒரே ஆளை, ஒரே பேச்சோடு, கண்ணாடி அணிந்தும் அணியாமலும், தலையில் துணி கட்டியும் கட்டாமலும் காட்டினார்கள். ஆளுமை மதிப்பீடு மாறியது. பின்னால் ஒரு புத்தக அலமாரியை வைத்தபோதும் மாறியது! எங்கள் தெருப் பெண் அந்தச் சோதனையைப் படித்தவள் அல்ல, ஆனால் சரியாகத்தான் கணித்திருக்கிறாள். என் சிற்றிதழ்த் தொகுப்புகளுக்கு இதுவரை கிடைத்த ஒரே சந்தை மதிப்பும் இதுவாகத்தான் இருக்கும்.

சட்டம் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. இல்லினாய் மாநிலத்தில் 2020 ஜனவரியிலிருந்து, செயற்கை அறிவு கொண்டு காணொளியை ஆராய்வதென்றால் முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். விண்ணப்பித்தவர் கேட்டால் 30 நாளில் அழிக்க வேண்டும். பணியிடத்தில் ஒருவரின் உணர்ச்சிகளைக் கருவி கொண்டு ஊகிப்பதை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியிலிருந்து தடைசெய்திருக்கிறது. நல்லது. ஆனால் பெரும்பாலும் இவை பதில் சொல்பவரின் பதிவை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதோடு நிற்கின்றன. ஒப்புதல் என்பதும் வேடிக்கைதான். வேலை வேண்டுமென்பவள் 'சம்மதமில்லை' என்ற பொத்தானை எந்தத் தைரியத்தில் அழுத்துவாள்? பகவதி கேட்ட மறுபாதிப் பதிவை, அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள், என்ன காரணத்தால் தள்ளினார்கள் என்பதை அவளிடம் தரவேண்டும் என்று கேட்டால், பதிவு நேர்காணலை நான் எதிர்க்கமாட்டேன். பழைய அறைக்கே திரும்பிப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது.

பத்து நாள் கழித்து அவளுக்குப் பெயர் போடாத மின்னஞ்சல் ஒன்று வந்தது, இரண்டு வரி. போன வாரம் வேறு நிறுவனத்தின் அழைப்போடு மறுபடி வந்தாள். இந்தத் தடவை நான் மடிக்கணினிக்குப் பின்னால் அவள் பார்வை படுகிற மாதிரி நின்றுகொண்டு, சத்தமில்லாமல் தலையை ஆட்டிக் கேட்பதாக ஏற்பாடு. முதல் கேள்விக்குப் பாதிப் பதில் ஓடியிருக்கும். நிறுத்திவிட்டாள். "அங்க நிக்காதீங்கண்ணே. கண்ணு உங்க பக்கம் போகுது, அது தப்பாயிரும்."