விக்கிப்பீடியாவின் காவற்பொறி: ஒரு மதிப்பீடு

எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் கொள்கையோடு 2001-ஆம் ஆண்டில் தோன்றியது ஆங்கில விக்கிப்பீடியா. எவரும் திருத்தலாம் எனின், எவரும் சிதைக்கலாம் என்பதும் உடன்வரும். அச்சிதைவைத் தடுத்தற்பொருட்டு 2010-ஆம் ஆண்டில் பணிக்கு வந்த 'குளூபாட் என்.ஜி.' என்னும் தானியங்கியின் தகுதியை யாம் ஈண்டு ஆராய்வாம்.

முன்னைய தானியங்கிகள் வசைச்சொற் பட்டியல் முதலிய எளிய விதிகளைக் கொண்டே தீயதை அறிந்தன. இதுவோ, மக்கள் நன்று, தீது எனப் பகுத்துவைத்த திருத்தங்களைப் பயின்று, செயற்கை நரம்பு வலையமைப்பின் துணையால் ஒவ்வொரு புதுத் திருத்தத்திற்கும் மதிப்பெண் இடுகின்றது. மதிப்பெண் வரம்பைக் கடப்பின், அத்திருத்தம் சில நொடிகளில் நீக்கப்பெறும்.

வரம்பை எங்கு வகுப்பது என்பதே வினா. நல்ல திருத்தங்களுள் 1000-க்கு ஒன்றே பிழைபட நீங்கலாம் எனக் கொண்டால், தீயனவற்றுள் 100-க்கு ஏறத்தாழ 40 மட்டுமே அகப்படும் என்று ஆக்கியோரே கணக்கிட்டுள்ளனர். எஞ்சியவற்றை மாந்தரே களைதல் வேண்டும். குற்றமிலாரைக் காத்தற்பொருட்டுக் குற்றமுடையார் பலரைத் தப்பவிடும் இந்நெறி போற்றத்தக்கதே. நீக்கிய பகுதியும் பக்க வரலாற்றில் அழியாது நிற்கின்றது. ஒதுக்கிய பாடத்தை அடிக்குறிப்பிற் காட்டும் பதிப்பாசிரியரின் நேர்மையை இஃது ஒக்கும்.

ஆயினும் குறை இரண்டு உள. பொறி நோக்குவது சொல்லின் கோலத்தையே. பொருளின் வாய்மையை அஃது அறியாது. செப்பமான நடையில் அமைந்த பொய் எளிதிற் கடந்துவிடும். தடுமாறி எழுதிய மெய் சிக்கிக்கொள்ளும். அன்றியும், பிழையின் சுமை எல்லார்மீதும் ஒப்ப விழுவதில்லை. பல திருத்தங்கள் செய்து பழகியோரை இப்பொறி நம்பி விலக்கு அளிக்கின்றது. ஆதலின், அது தவறுங்கால் இடர்ப்படுவோர் பெரும்பாலும் புதியோரே. 2007-க்குப் பின்னர்ப் பங்களிப்போர் தொகை குன்றியதற்கு, நன்னோக்குடைய புதியோரின் திருத்தங்கள் மிகுதியும் தள்ளப்பட்டமை ஒரு காரணம் என்றும், அதில் தன்னியக்கக் கருவிகளுக்கும் பங்குண்டு என்றும் ஆரன் ஹாஃபேக்கர் முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

2015-இல் வெளிவந்த 'ஓரெஸ்' என்னும் மதிப்பீட்டுக் கருவி, விளைவு தீதா, நோக்கம் நன்றா என வினாவை இரண்டாகப் பிரித்தது. இப்பகுப்பு மிகவும் இன்றியமையாதது. விளைவு தீதெனினும் நோக்கம் நன்றாயின், நீக்குதலோடு அமையாது வழிகாட்டலும் வேண்டும். ஆகவே, நீக்கிய விரைவையும் எண்ணிக்கையையும் மட்டும் கொண்டு இக்கருவிகளை அளத்தல் நிரம்பாது. நீக்கப்பெற்ற புதியோருள் எத்துணையர் மீண்டும் எழுத வந்தனர் என்பதையும் கொண்டே இவற்றின் தகுதியைத் துணிதல் வேண்டும் என்பது எம் முடிபு.