கத்திக்கு முன் கதிர்: யாருக்குத் தேவை?

மலக்குடல் புற்றுநோயை வெட்டி எடுத்த பிறகும் அது இடுப்புக் கூட்டுக்குள்ளேயே திரும்ப முளைப்பதுண்டு. அந்த வலி கொடியது. மறுபடி அறுக்கப் பலருக்கு வழியில்லை. இதைத் தடுக்கத்தான் அறுவைக்கு முன் கதிர்வீச்சு வந்தது.

1997இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு அதன் வெற்றிக்கொடி. அறுவைக்கு முன் ஒரே வாரம், ஐந்து தவணை, மொத்தம் 25 கிரே கதிர் அளவு. ஐந்தாண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பியது 27 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது. உயிரோடு இருந்தவர்கள் 48இலிருந்து 58 சதவீதமாக உயர்ந்தார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த 27தான். அது நோயின் மூர்க்கத்தை மட்டுமா காட்டுகிறது? அன்றைய கத்தியின் குறையையும் சேர்த்தல்லவா காட்டுகிறது! மலக்குடலை அதைச் சூழ்ந்த கொழுப்புறை கிழியாமல் முழுதாகப் பிரித்தெடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கிலிருந்து அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982லேயே எழுதிவிட்டார். அந்த முறையில் பயிற்சி பெற்றவர்களை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2001இல் வந்தது. கதிர்வீச்சு இல்லாமலே இரண்டாண்டில் நோய் திரும்பியது 8.2 சதவீதம், கதிர்வீச்சோடு 2.4. உயிர்பிழைத்தலில் வித்தியாசமே இல்லை. கணக்குப் போட்டால், ஒருவருக்கு நோய் திரும்பாமலிருக்க ஏறத்தாழ பதினேழு பேர் கதிரை ஏற்க வேண்டும்.

பயன் பெறாத மீதிப் பதினாறு பேர் என்ன விலை கொடுக்கிறார்கள்? அதே ஆய்வின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, மலத்தை அடக்க முடியாத தொல்லை கதிர் பெற்றவர்களில் 62 சதவீதம், பெறாதவர்களில் 38. வெளியே கிளம்புமுன் கழிப்பறை எங்கே என்று யோசிக்கும் வாழ்க்கை அது. தாம்பத்தியச் சிக்கல்களும் கூடும். இளம்பெண்களுக்குக் கருப்பைகூடப் பயனற்றுப்போகலாம். இவை வெளியே பேசப்படுவதில்லை என்பதால் இல்லாமல் போய்விடுவதில்லை.

கொடுப்பதானால் முன்னால்தான் கொடுக்க வேண்டும் என்பதை 2004இல் ஜெர்மானிய ஆய்வு தீர்த்துவைத்தது: கீமோவோடு சேர்த்து அறுவைக்கு முன் கொடுத்தால் அதே இடத்தில் நோய் திரும்பியது 6 சதவீதம், பின் கொடுத்தால் 13. ஆனால் அதிலேயே ஒரு குத்தல் இருக்கிறது. முதலில் அறுவைக்குப் போனவர்களில் 18 சதவீதத்தினருக்கு நோய் ஆரம்ப நிலையில்தான் இருந்தது. ஸ்கேன் அதை மிகைப்படுத்தியிருந்தது.

கதிர்வீச்சின் பக்கம் நான் சாய்வது ஓரிடத்தில். ஆசனவாயை ஒட்டிய கட்டி கதிராலும் கீமோவாலும் முற்றிலும் மறைந்துவிட்டால், அறுக்காமலே கண்காணிக்கலாம் என்று சாவோ பாவ்லோவின் அறுவை மருத்துவர் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா காட்டினார். நிரந்தர மலப்பையிலிருந்து தப்பலாம். எனினும் நால்வரில் ஒருவருக்குக் கட்டி திரும்ப வளர்வதால், சோதனைக்குத் தவறாமல் வருபவருக்கே இது பொருந்தும்.

ஆசனவாய்க்கு மேலே தள்ளி இருக்கும், அறுவையில் வெட்டும் எல்லையை நெருங்காத கட்டிக்கு வழக்கமாகக் கதிர் கொடுப்பதை இனி நியாயப்படுத்த முடியாது. கீமோவுக்குக் கட்டி சரியாகச் சுருங்காதவர்களுக்கு மட்டும் கதிர் கொடுத்தால் போதும் என்பதை, கீழ்க்கட்டிகளை விலக்கி நடந்த 2023ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வும் உறுதிசெய்தது. சிகிச்சை தொடங்குமுன் எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு மருத்துவரிடம் கேளுங்கள்: கட்டி வெட்டெல்லையை நெருங்குகிறதா, ஆசனவாயிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?