தாய்மையைப் பாடுவோரும் தாயை மறைப்போரும்

இலக்கியத்தில் ஒரு பொருள் எவ்வளவு புகழப்படுகின்றது என்பதைக் கொண்டு, வாழ்க்கையில் அதற்கு அவ்வளவு மதிப்பு உண்டென்று முடிவு கட்டிவிட முடியாது. தாய்ப்பால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சீர்காழிக் குளக்கரையில் உமையம்மை ஊட்டிய பாலால் சம்பந்தர் ஞானம் பெற்றார் என்கிறது நமது சமய மரபு. கண்ணனை முலையுண்ண அழைப்பதற்கென்றே தனியொரு திருமொழி பாடினார் பெரியாழ்வார். தாய்ப்பாலோடு மொழிப்பற்றையும் ஊட்டினாள் என்று முழங்காத மேடைப் பேச்சாளர் இல்லை. ஆயினும், மாத்தளை பஸ் நிலையத்திலே கைக்குழந்தை பசித்து அழுதால், அதன் தாய் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, குற்றம் செய்தவளைப்போல் கூனிக் குறுகிச் சேலைத் தலைப்புக்குள் குழந்தையை மூட வேண்டியிருக்கிறது. பாட்டில் தெய்வமானவள் பாதையோரத்தில் நாணப்பட வேண்டியவளாகிறாள். இம்முரண்பாட்டின் வேரைக் காண்பது திறனாய்வின் வேலை என்றே நாம் கருதுகிறோம்.

சங்கப் புலவர்கள் தாயின் முலையைத் தெய்வமாக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வீட்டு நிலையைச் சொல்கிறார். சமையலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பாலற்று வற்றிய முலையைச் சுவைத்துச் சுவைத்து அழுகிறது குழந்தை. அதன் முகத்தைப் பார்க்கிறாள் தாய். கண்ணீர் நிறைந்த அவள் கண்களைப் பார்த்துப் புறப்பட்டு வருகிறார் புலவர். 159ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் காட்டும் மனைவியோ, பிள்ளைகள் பிசைந்து உண்டதால் வாடிய முலையினள்; குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைப் பறித்து உப்பின்றி வேகவைக்கிறாள். இவ்விரு பாட்டுக்களும் நமக்குக் கூறும் உண்மை ஒன்றே: தாய் உண்டால்தான் பிள்ளைக்குப் பால். பால் சுரப்பது தாயன்பினால் மட்டுமன்று. அவள் வயிற்றுக்குக் கிடைக்கும் சோற்றினாலுமாகும். வகுப்பறையிலே இத்தகைய பாட்டுக்கள் வரும்போது பாடாண் திணை, பரிசில் கடாநிலை என்று துறை வகுத்து மேலே போய்விடுகிறோம். அடுப்பிற் பூத்த காளான் மாணவர் கண்ணில் படுவதேயில்லை.

பிற்காலத்தே பசி மறைந்து பால் மட்டும் பாட்டில் எஞ்சியது. பக்திப் பாடல்களின் சுவையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்மரபை வழிவழிப் பாராட்டி வந்தவர்கள், பாலூட்டும் பெண்ணை உழைக்கும் பெண்ணாகக் காண மறந்தார்கள். உழைப்பிலிருந்து பிரிக்கப்பட்ட தாய்மை வெறும் பீடமாகிறது. பீடத்தில் இருப்பவளுக்கு வணக்கம் கிடைக்கும். ஓய்வும் கூலியும் உட்கார இடமும் கிடைப்பதில்லை.

இதற்கு விடையாகப் பண்பாடு என்ற சொல்லைச் சிலர் நீட்டுவர். எவருடைய பண்பாடு? திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணியலாகாது என்று உயர்சாதியார் தடுத்தனர். நெடும் போராட்டத்தின் பின், 1859இல்தான் அரசு இறங்கி வந்தது. அன்று மூடாதே என்ற அதிகாரமும் இன்று திறவாதே என்ற அதிகாரமும் ஒரே மரத்தின் இரு கிளைகளே. இரண்டிலும் பெண்ணின் உடலைப் பற்றி முடிவு செய்பவள் பெண்ணல்லள். பிள்ளைக்குப் பால் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை. லயத்து வாசலிலும் வயல் வரப்பிலும் மரநிழலிலும் நமது பாட்டிமார் ஒளிவு மறைவின்றியே பாலூட்டினர். அதை அநாகரிகமாகக் காணும் கண் மத்தியதர வர்க்கத்தின் கண், உழைப்பவரின் கண்ணன்று.

ஆனால் பார்வையின் தடை ஒன்றே தடையென்று நினைத்துவிடலாகாது. எல்கடுவ, இறத்தோட்டை மலைகளில் கூடை சுமக்கும் தாய்க்கு அதனினும் கொடிய தடையொன்று உண்டு, அது தராசு.

வரலாற்றைச் சற்று நோக்குவோம். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த கோப்பிக்காலத்துக் கூலிகளிற் பெரும்பாலோர் ஆண்கள்; பருவத்துக்கு வந்து பருவம் முடியப் போனவர்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப் பெண்களின் விரல்கள் தேவைப்பட்டன. குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. தாய் மலைக்குப் போனபின் பிள்ளையைப் பார்க்கப் பிள்ளைக் காம்பரா தோன்றியது. தாயின் மேலுள்ள இரக்கத்தினாலன்று, தாயின் உழைப்பு தடைப்படலாகாது என்பதனாலேயே அது தோன்றியது. இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறியிருக்கிறது.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, தெளிவாகவே பேசுகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் பெண்ணுக்கு ஒன்பது மணி நேரத்துள் இரண்டு இடைவேளைகள்; பிள்ளை பராமரிக்கும் இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையலாகாது, இல்லையேல் ஒரு மணிக்குக் குறையலாகாது; அவை உணவு வேளைக்கு மேலதிகமானவை. மூன்றாம் பிள்ளை முதல் விடுமுறை பாதியாகக் குறைந்த அநீதியும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு ஒழிந்தது. இவை தொழிலாளர் இயக்கம் மதிக்க வேண்டிய வெற்றிகளே.

ஆயினும் சட்டம் நேரத்தைத் தருகிறது. தராசு அதைப் பறிக்கிறது. பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான். மலையிலிருந்து இறங்கிப் பாலூட்டி மீண்டும் ஏறும் நேரத்தில் கூடை நிறையுமா? 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோது, பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய நிறையும் உயர்த்தப்பட்டதென்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. பாலூட்டும் தாய்க்கென நிறையைக் குறைக்காத இடைவேளை, அவள் தன் கூலியைக் கொடுத்து வாங்கும் இடைவேளையே. பால் கட்டி மார்பு கனக்கக் கொழுந்து பறிப்பவளை எந்த வேலியும் தடுக்கவில்லை. அவளைத் தடுப்பது கிலோக் கணக்கு. 2016ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர் என்று நாடு பெருமை கொள்கிறது. அப்பெருமையின் செலவைச் சுமந்தவள் யாரென்று கணக்கிட்டோமா?

இக்கணக்கை எழுதவேண்டியவர்கள் எழுத்தாளர்கள். மலையக இலக்கியம் இத்துறையில் வெறுங்கையோடு நிற்கவில்லை. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்தின் நிறையைச் சுற்றியே பின்னப்பட்ட கதை. தராசின் முன் நிற்கும் பெண்ணின் மானத்தை அது இலக்கியப் பொருளாக்கியது. கோகிலம் சுப்பையா 'தூரத்துப் பச்சை'யில் தோட்டப் பெண்ணின் வாழ்வை நாவலாக்கினார். ஆனால் பிள்ளைக் காம்பராவுக்கும் தராசுக்கும் இடையே ஓடும் தாய் நமது கதைகளில் இன்னும் ஓரப் பாத்திரமாகவே நிற்கிறாள். பல கதைகளில் தொட்டிற் பிள்ளையின் அழுகை வாசகனின் கண்ணீருக்காக வருகிறது. அழுகையின் காரணம் ஆராயப்படுவதில்லை. இரக்கத்தோடு நின்றுவிடும் எழுத்து யதார்த்தத்தின் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது.

அயலிலும் இவ்விவாதம் நடந்தது. 2015இல் தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. 2018இல் கேரளத்தின் 'கிருகலட்சுமி' இதழ், முறைத்துப் பாராதீர் என்ற வேண்டுகோளோடு பாலூட்டும் படமொன்றை அட்டையில் வெளியிட்டது. அது ஆபாசமென்று தொடுக்கப்பட்ட வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் தள்ளியது. 2025 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், பொதுவிடத்திலும் வேலைத்தலத்திலும் பாலூட்டுவது இழுக்காகக் கருதப்படலாகாது என்றது. இவற்றை வரவேற்கிறோம். எனினும் இரண்டு குறைகளைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த அட்டைப்படத்தில் இருந்தவர் பாலூட்டும் தாயல்லர், ஒரு விளம்பர அழகி. உழைத்துக் களைத்த தாயொருத்தி அங்கே இருந்திருந்தால் விவாதம் பார்வையோடு நின்றிராது. அறையும் அவ்வாறே. விரும்புகிறவளுக்கு அறை வசதி. அறைக்குள்தான் போகவேண்டும் என்றால் அது சிறை. அறை கட்டியதோடு கடமை முடிந்ததென்று ஓர் ஆட்சி எண்ணுமாயின், தாயை மறைக்கும் பழைய வேலையைச் சீமெந்தினால் செய்ததாகவே முடியும்.

ஆகவே எமது கோரிக்கை எளியது. பாலூட்டும் நேரம் கொழுந்து நிறையிலிருந்து கழிக்கப்படவேண்டும். பஸ் நிலையத்திலும் சந்தையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் தாய் நிமிர்ந்து உட்கார்ந்து பாலூட்ட இடம் வேண்டும். தொழிற்சங்கங்கள் முதலாவதைக் கேட்கட்டும். நகரசபைகளும் பிரதேச சபைகளும் இரண்டாவதைச் செய்யட்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு: பெருந்தலைச் சாத்தனாரின் பாட்டைத் துறை சொல்லி மூடிவிடாமல், அந்த வற்றிய முலைக்குக் காரணம் யாதென்று வகுப்பில் கேட்பது. அக்கேள்விக்கு விடை தேடும் மாணவன் ஏட்டிலிருந்து தலைநிமிர்ந்து மலையைப் பார்ப்பான். அங்கே கூடையோடு ஓர் அன்னை ஓடிக்கொண்டிருக்கிறாள்.